பாப்பாய்க்குப் பலம் கொடுத்தது கீரையா, கோழியா?

"பாப்பாய் கீரை தின்று பலம் பெறுவது முதலிலிருந்தே கதையில் இருந்ததா, இல்லை கீரை விற்பதற்காகப் பின்னால் யாரோ சேர்த்ததா? அவருடைய எதிரியின் பெயர் ப்ளூட்டோவா, ப்ரூட்டஸா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஏழு வயது மகள் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றும், தேடினால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். நாளிதழ், திரையரங்கு, வானொலி, தொலைக்காட்சி என்று தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் வீடு மாறிக்கொண்டே வந்த பாப்பாய் என்ற கார்ட்டூன் மாலுமியிடம் எது பிறவிக் குணம், எது போன இடத்தில் ஒட்டிக்கொண்டது? நான் அனிமேஷன் வரைந்தும் கற்பித்தும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிழைத்து வருபவன். பாப்பாய் படங்களை ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேமாக) நிறுத்தி மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன். கீரையின் சத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நான் அந்தத் துறைக்காரன் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். பாப்பாய் பிறந்தபோது கீரை இல்லை. அவர் கதாநாயகனும் இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் செஸ்டர் என்ற ஆற்றங்கரைச் சிற்றூரில் 1894-ல் பிறந்தவர் எல்சி சீகர். உள்ளூர் அரங்கில் படம் ஓட்டும் வேலை பார்த்தார். மௌனப் படங்களுக்குப் பின்னணியாக டிரம்ஸ் வாசித்தார். தபால் வழியில் ஓவியம் படித்தார். அவருடைய பெயரை ஆங்கிலத்தில் சொன்னால் சுருட்டு என்ற சொல்லை ஒட்டி ஒலிக்கும். அதனால் கையெழுத்தின் பக்கத்தில் ஒரு சுருட்டை வரைந்துவைப்பார். 1919 டிசம்பரில் 'திம்பிள் தியேட்டர்' என்ற படக்கதையை நியூயார்க் நாளிதழ் ஒன்றில் தொடங்கினார். அதை நாடெங்கும் விநியோகித்தது கிங் ஃபீச்சர்ஸ். நம் ஊரில் பலர் சிறுவயதில் படித்த மந்திரவாதி மாண்ட்ரேக்கும் பின்னாளில் அதே நிறுவனத்திலிருந்து வந்தவர்தான். திம்பிள் தியேட்டரில் ஒல்லிக்குச்சியாக ஆலிவ் ஆயில், அவளுடைய காதலன் ஹாம் கிரேவி, அண்ணன் காஸ்டர் ஆயில் என்று ஒரு கூட்டம். காஸ்டர் ஆயில் என்றால் விளக்கெண்ணெய். அப்பா பெயர் கோல் ஆயில், அதாவது மண்ணெண்ணெய். குடும்பமே எண்ணெய்க் குடும்பம். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கூட்டத்தை வைத்தே கதை ஓடியது.

1929 ஜனவரி 17-ஆம் தேதி காஸ்டரும் ஹாமும் ஒரு சூதாட்டத் தீவுக்குப் போகக் கப்பல் ஏற்பாடு செய்கிறார்கள். அதை ஓட்ட ஆள் வேண்டும். துறைமுகத்தில் நிற்கும் ஒருவனைப் பார்த்து நீ மாலுமியா என்று காஸ்டர் கேட்கிறார். பின்னே என்னை மாடு மேய்ப்பவன் என்றா நினைத்தாய் என்று பதில் வருகிறது. பாப்பாய் உலகத்துக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஒரு கண் மூடியிருக்கும், முழங்கைக்குக் கீழே கை உருண்டு வீங்கியிருக்கும், அதில் நங்கூரம் பச்சை குத்தியிருக்கும், வாயில் சோளத்தக்கைப் புகைக்குழாய். ஒரு பயணத்துக்காகக் கூலிக்கு அமர்த்திய ஆள், அவ்வளவுதான்.

அந்தப் பயணத்திலேயே உங்கள் மகளின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. காஸ்டரிடம் பெர்னிஸ் என்றொரு அதிசயக் கோழி இருந்தது. அதன் தலையைத் தடவினால் அதிர்ஷ்டம் வரும். சூதாட்டத்தில் வெல்வதற்காகத்தான் அதைக் கப்பலில் கொண்டுபோகிறார்கள். திரும்பி வரும் வழியில் ஸ்நார்க் என்ற கயவன் பாப்பாயைத் துப்பாக்கியால் சல்லடையாகத் துளைத்துவிடுகிறான். கப்பலின் அடித்தளத்தில் சாகக் கிடக்கும் பாப்பாய் அந்தக் கோழியின் தலையைத் தடவிக்கொண்டே இருக்கிறார். பிறகு எழுந்து போய் ஸ்நார்க்கை அடித்து வீழ்த்துகிறார். குண்டு பாய்ந்தாலும் சாகாத உடம்பு பாப்பாய்க்கு முதன்முதலில் வந்தது இப்படித்தான். கோழியால் வந்தது, கீரையால் அல்ல.

பயணம் முடிந்ததும் சீகர் அவரைக் கதையிலிருந்து அனுப்பிவிட்டார். வாசகர்கள் விடவில்லை. எங்கே அந்த மாலுமி என்று கடிதம் எழுதினார்கள். சில வாரங்களில் பாப்பாய் திரும்பி வந்தார். வந்தவர் போகவே இல்லை. ஹாம் கிரேவிதான் போனார். ஆலிவும் பாப்பாயும் முதலில் பார்த்தாலே சண்டை போடுபவர்கள். அந்தச் சண்டை மெல்லக் காதலாகக் கனிந்ததை நாளுக்கு நான்கைந்து கட்டங்களாக, மாதக்கணக்கில் படித்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அந்த நாளிதழ்ப் பாப்பாய்க்குத் தத்துவம் இருந்தது, துக்கம் இருந்தது, தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் தனக்கென்று ஒரு நியாயம் இருந்தது. 1930-களின் தொடக்கத்தில் கீரையைப் பற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேசுவார். அது அவருக்குப் பிடித்த உணவு. அடிதடிக்கு முன் கட்டாயமாக விழுங்க வேண்டிய மருந்தாக அது இன்னும் ஆகவில்லை. சீகர் வரைந்த பக்கங்களில் பெரும்பாலும் அவர் தன் சொந்தக் கைப்பலத்தால்தான் அடிக்கிறார்.

கீரையை நிரந்தரமாக்கியது சினிமா. மாக்ஸ் ஃப்ளைஷர், டேவ் ஃப்ளைஷர் என்ற சகோதரர்கள் நியூயார்க்கில் அனிமேஷன் நிறுவனம் நடத்தினார்கள். அவர்களுடைய அன்றைய நட்சத்திரம் பெட்டி பூப் என்ற கார்ட்டூன் பெண். 1933 ஜூலையில் அந்த பெட்டி பூப் வரிசையிலேயே ஒரு படமாகப் பாப்பாயை வெள்ளோட்டம் விட்டார்கள். அதன் தொடக்கத்தை நான் வகுப்பில் எப்போதும் போட்டுக் காட்டுவேன். அச்சு இயந்திரத்திலிருந்து நாளிதழ்கள் வந்து விழுகின்றன. முதல் பக்கத்தில் பாப்பாய் சினிமா நடிகராகிவிட்டார் என்ற தலைப்புச் செய்தி, கீழே அவருடைய படம். அந்தப் படம் அசைகிறது, உயிர் பெறுகிறது, பாடிக்கொண்டே கப்பல் தளத்தில் நடக்கத் தொடங்குகிறது. வழியில் ஒரு நங்கூரத்தைக் குத்துகிறார். அது சின்னச் சின்னத் தூண்டில் முட்களாகச் சிதறுகிறது. ஒரு பெரிய கடிகாரத்தைக் குத்துகிறார். அது குட்டிக் கடிகாரங்களாகிவிடுகிறது. தாளிலிருந்து திரைக்கு ஒருவர் குடிபெயர்வதை இதைவிட அழகாக யாரும் காட்டியதில்லை. அந்தப் படத்தின் முடிவில் தண்டவாளத்தில் ஆலிவ் கட்டிப்போடப்பட்டிருக்கிறாள், ரயில் வருகிறது, பாப்பாய் கீரை டப்பாவைக் காலி செய்துவிட்டு எஞ்சினை ஒரே குத்தில் நிறுத்துகிறார்.

ஏன் ஒவ்வொரு படத்திலும் கீரை? இங்கே நான் என் தொழிலிலிருந்து பேசுகிறேன். இது ஆவணம் சொல்வதல்ல, என் கணிப்பு. நாளிதழில் சண்டை ஒரு வாரம் நீளலாம். அவர் எப்படி வென்றார் என்பதை நாளைக்குச் சொல்லலாம். திரையரங்கில் பெரிய படத்துக்கு முன் போடும் துண்டுப் படத்துக்கு ஆறேழு நிமிடம்தான். அடி வாங்கியவர் அடிப்பவராக மாறும் கணத்தைக் கடைசி வரிசையில் இருக்கும் குழந்தைக்கும் ஒரு நொடியில் உணர்த்த வேண்டும். வசனத்தால் முடியாது. கண்ணில் படுகிற ஒரு பொருள் வேண்டும். டப்பா அதற்கென்றே செய்தது போன்ற பொருள். ஒரு கையால் நசுக்குகிறார், மூடி தெறிக்கிறது, கீரை வில்லாக வளைந்து வாய்க்குள் போகிறது, அதே நேரம் அவருடைய பாட்டின் மெட்டு எழுகிறது, புஜம் புடைக்கிறது. ஒலியை நிறுத்திவிட்டு மாணவர்களுக்குக் காட்டினாலும் எந்த இடத்தில் கதை திரும்புகிறது என்று எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். கோழியின் தலையை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தால் அந்த வேகம் கிடைத்திருக்காது.

கீரை வியாபாரிகளோ அரசாங்கமோ உருவாக்கிய பாத்திரம் என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. மேலே சொன்ன வரலாறே அதை மறுக்கிறது. வியாபாரத்துக்கு அவர் உதவினார் என்பது உண்மை. கீரை விளையும் டெக்சாஸ் மாநிலத்து கிரிஸ்டல் சிட்டியில் 1937-லேயே அவருக்குச் சிலை வைத்துவிட்டார்கள். விற்பனை மூன்றில் ஒரு பங்கு கூடியது என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அந்தக் கணக்கை நான் நம்பிச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு கதையையும் நீங்கள் படித்திருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வாளர் ஒருவர் தசமப் புள்ளியைத் தவறாக வைத்ததால் கீரையின் இரும்புச் சத்து பத்து மடங்காகப் பதிவாகிவிட்டது, அதை நம்பித்தான் பாப்பாய்க்குக் கீரை கொடுத்தார்கள் என்பது. கேட்கச் சுவையாக இருக்கும். 1981-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரை இதைப் பரப்பியது. ஆனால் 2010-ல் மைக் சட்டன் என்ற பிரிட்டிஷ் குற்றவியல் ஆய்வாளர் மூலத்தைத் தேடிப் போனார். அந்தத் தசமப் புள்ளிப் பிழைக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியமானது, பாப்பாய் தானே சொன்னது. 1932-ல் வந்த ஒரு நாளிதழ்ப் பக்கத்தில் அவர் கீரையில் வைட்டமின் ஏ நிறைந்திருக்கிறது, அதுதான் மனிதரைப் பலமாக்குகிறது என்கிறார். இரும்பு என்ற பேச்சே இல்லை. ஆகவே தசமப் புள்ளிக் கதையை உங்கள் மகளுக்குச் சொல்லாதீர்கள்.

தமிழில் ஒரு சிறு குழப்பமும் இருக்கிறது. பாப்பாய் சாப்பிடுவது பசலைக்கீரை என்றே நாம் எழுதிப் பழகிவிட்டோம். நம் வேலியில் படரும் கொடிப்பசலை வேறு குடும்பத்துச் செடி. அவருடைய டப்பாவில் இருப்பது சந்தையில் நாம் பாலக்கீரை என்று கேட்டு வாங்குவது. மகளுக்குக் காட்டி ஊட்ட நினைத்தால் அதை வாங்குங்கள்.

கீரை பிறவிக் குணம் அல்ல என்பதற்கு இன்னொரு சான்று வானொலி. 1935 செப்டம்பரில் பாப்பாய் வானொலித் தொடர் தொடங்கியது. விளம்பரதாரர் வீட்டினா என்ற கோதுமைக் கஞ்சி நிறுவனம். அதனால் அந்தத் தொடரில் பாப்பாய் கீரையைத் தொடாமல் வீட்டினா கஞ்சி குடித்துப் பலம் பெற்றார். அதே ஆண்டு திரையரங்கில் அவர் கீரை டப்பாவை நசுக்கிக்கொண்டிருந்தார், நாளிதழில் பெரும்பாலும் இரண்டும் இல்லாமலேயே குத்துவிட்டுக்கொண்டிருந்தார். ஒரே காலத்தில் மூன்று பாப்பாய்கள். அமெரிக்க வீடுகளில் குழந்தைகள் மூன்றையும் பின்தொடர்ந்தார்கள், யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை.

ஃப்ளைஷர் படங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச எனக்கு ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள். பாப்பாய் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாரே, உதடு அசையாமல் வார்த்தை மட்டும் வருமே, அது எழுதி வைத்த உத்தி அல்ல. அந்த நிறுவனம் அப்போது படத்தை முழுக்க வரைந்து முடித்த பிறகே குரல் பதிவு செய்யும். முதலில் பில்லி காஸ்டெல்லோ குரல் கொடுத்தார். 1935-லிருந்து ஜாக் மெர்சர். அவர் அங்கே இரண்டு முக்கிய அசைவுகளுக்கு நடுவே வரும் இடைச்சட்டங்களை வரையும் வேலையில் இருந்தவர். ஒலிவாங்கிக்கு முன் நின்று, திரையில் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே, உதட்டசைவு இல்லாத இடங்களிலெல்லாம் தனக்குத் தோன்றியதை முனகி நிரப்பினார். பாப்பாயின் பாதி அழகு அதில் இருக்கிறது. வரைபவரின் கை தெரிந்த ஒருவர் பேசியதால் அந்த முனகல் ஒவ்வொன்றும் அசைவோடு இழைந்துபோகிறது. பின்னாளில் குரலை முன்கூட்டியே பதிவு செய்து அதற்குப் படம் வரைந்தபோது உதடு பொருந்தியது, அந்தச் சுதந்திரம் குறைந்தது. ஆலிவுக்கு நெடுங்காலம் குரல் தந்த மே குவெஸ்டல்தான் பெட்டி பூப்புக்கும் குரல். மெர்சர் 1980-கள் வரை பாப்பாயாகவே பேசினார்.

1936-ல் வந்த சிந்துபாத் படத்தைக் கட்டாயம் பாருங்கள். பதினாறு நிமிட வண்ணப்படம், ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதில் பாப்பாய் நடக்கும்போது பின்னாலுள்ள பாறைகளும் குகைகளும் நிஜமான ஆழத்தோடு விலகிப் போகும். கணினி பிறக்காத காலம் அது. சுழலும் மேசையின் மேல் களிமண்ணும் மரமும் கொண்டு சின்னக் காட்சியமைப்பு ஒன்றைக் கட்டி, அதன் முன்னால் கண்ணாடிக்கிடையில் ஓவியத் தாளை நிறுத்தி, மேசையை ஒவ்வொரு சட்டத்துக்கும் மயிரிழை நகர்த்திப் படம் பிடித்தார்கள். இன்று முப்பரிமாண மென்பொருளில் வளர்ந்த மாணவர்கள் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அதன் பிறகு இறக்கம்தான். 1937-ல் ஃப்ளைஷர் நிறுவனத்தில் வேலைநிறுத்தம், அடுத்த ஆண்டு மயாமிக்கு இடமாற்றம். 1938 அக்டோபரில் சீகர் 43 வயதில் நோயால் இறந்தார். 1942-ல், படங்களை வெளியிட்டுவந்த பாரமவுண்ட் நிறுவனம் ஃப்ளைஷர்களை விலக்கிவிட்டு ஃபேமஸ் ஸ்டுடியோஸ் என்ற பெயரில் படங்களைத் தொடர்ந்தது. போர்க்காலத்தில் பாப்பாய் அமெரிக்கக் கடற்படையின் வெள்ளைச் சீருடை அணிந்தார். நாளிதழில் அவர் கறுப்புச் சட்டை போட்ட சாதாரணக் கப்பல்காரர். அந்த ஆண்டுகளில் ஜப்பானியரை இழிவுபடுத்தி எடுத்த சில படங்களைக் குழந்தைக்குக் காட்ட வேண்டாம், பெரியவர்கள் பார்த்தாலும் மனம் கசக்கும். போருக்குப் பிந்தைய படங்களில் ஆலிவுக்கு ஆசைப்படும் முரடன், அடி, கீரை, திருப்பி அடி என்ற ஒரே அச்சுதான். 1957-ல் திரையரங்கப் படங்கள் நின்றபோது இரு நிறுவனங்களும் சேர்ந்து எடுத்தவை 231.

இப்போது ப்ளூட்டோவும் ப்ரூட்டஸும். ப்ளூட்டோ சீகர் 1932-ல் ஒரே ஒரு கதைக்காக வரைந்த வில்லன். கதை முடிந்ததும் நாளிதழில் அவனுக்கு வேலை முடிந்தது. ஃப்ளைஷர்களுக்கு ஒவ்வொரு படத்துக்கும் எடுபடும் ஒரு தடியன் தேவைப்பட்டான், அவனை எடுத்து நிரந்தரமாக்கினார்கள். 1960-ல் கிங் ஃபீச்சர்ஸ் தொலைக்காட்சிக்காகப் புதிதாக எடுக்கத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் 220 துண்டுப் படங்கள், பல நிறுவனங்களிடம் பங்கு போட்டுக் கொடுத்து அவசர அவசரமாக முடித்தவை. அப்போது ப்ளூட்டோ என்ற பெயர் பாரமவுண்டுக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டு ப்ரூட்டஸ் என்று மாற்றினார்கள். உண்மையில் அந்தப் பெயர் கிங் ஃபீச்சர்ஸே விநியோகித்த நாளிதழ்க் கதையிலிருந்து வந்தது. பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நீங்கள் சிறுவயதில் பார்த்த இரண்டு வரிசைகளும் மாறி மாறி ஒளிபரப்பானதால் இரண்டு பெயரும் மனதில் தங்கிவிட்டன. ஆள் ஒன்றுதான்.

உறுதியாகச் சொல்ல முடியாதவை இன்னும் சில உண்டு. செஸ்டரில் வாழ்ந்த ஃபிராங்க் ஃபீகல் என்ற சண்டைக்காரர்தான் பாப்பாயின் மூலம் என்று அந்த ஊரார் சொல்வார்கள். சீகர் அங்கேயே வளர்ந்தவர் என்பதால் நம்பத் தோன்றுகிறது. ஆனாலும் அது ஊர் நினைவு. அதை 1929-ன் அச்சுப் பக்கத்தோடு ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஜீப் வண்டிக்குப் பெயர் வந்தது 1936-ல் கதைக்குள் வந்த யூஜின் என்ற மாயப் பிராணியால் என்பார்கள். அந்தப் பிராணியின் இனத்துக்கு ஜீப் என்றுதான் பெயர். சீகர் அந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டது நிச்சயம், ஆனால் வண்டியின் பெயருக்கு வேறு விளக்கங்களும் சம பலத்தோடு இருக்கின்றன. விம்பி என்ற ஹாம்பர்கர் கடைத் தொடரில் ஐயமே இல்லை. அது செவ்வாய்க்கிழமை காசு தருகிறேன் என்று சொல்லி இன்று தின்றுவிட்டுப் போகும் பாப்பாயின் நண்பர் விம்பியின் பெயர்தான்.

1980-ல் ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய முழுநீளப் படத்தில் ராபின் வில்லியம்ஸ் பாப்பாய், ஷெல்லி டுவால் ஆலிவ். பலர் அதைப் பழித்தார்கள். நான் அதை நேசிக்கிறேன், காரணம் திரைக்கதை எழுதிய ஜூல்ஸ் ஃபைஃபர் கார்ட்டூனை விட்டுவிட்டுச் சீகரின் நாளிதழ்ப் பக்கங்களுக்குத் திரும்பிப் போனார். அந்தப் பாப்பாய்க்குக் கீரையே பிடிக்காது. கடைசியில் ப்ளூட்டோ வலுக்கட்டாயமாக வாயில் திணிக்கும்போதுதான் விழுங்குகிறார். அதற்காக மால்டாவின் கடற்கரையில் கட்டிய மரக் கிராமம் இன்றும் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கிப் போகிறார்கள். அதே காலத்தில் ஜப்பானின் நின்டெண்டோ பாப்பாய் வீடியோ விளையாட்டு செய்ய நினைத்தது, உரிமை கிடைக்கவில்லை. அதன் வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோட்டோ முரடன், பெண், காப்பாற்றுபவன் என்ற அதே மூவரை வைத்து வேறு பாத்திரங்களை வரைந்தார். 1981-ல் வந்த டாங்கி காங் அதுதான், காப்பாற்றிய அந்தத் தச்சன்தான் பிறகு மாரியோ. உங்கள் மகள் மாரியோ விளையாடுகிறவள் என்றால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

2025 ஜனவரி 1 முதல் 1929-ஆம் ஆண்டின் பாப்பாய் அமெரிக்காவில் காப்புரிமை தீர்ந்த பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் அந்தப் பக்கங்களை மறுபடி அச்சிடலாம், அந்த மாலுமியை வைத்துப் புதுக்கதை எழுதலாம். பின்னாளில் சேர்ந்தவற்றுக்கும் வணிகச் சின்னங்களுக்கும் சட்டம் வேறு. அதை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். விடுதலையானவர் கீரைக்கு முந்தைய பாப்பாய். அவரை மகளுக்கு அறிமுகம் செய்ய இதைவிட நல்ல நேரம் இல்லை. முதலில் 1933 படத்தைப் போட்டு, நாளிதழ் உயிர் பெற்று எழும் இடத்தில் ஒரு முறை நிறுத்துங்கள். பிறகு கப்பலின் அடித்தளத்தில் குண்டடி பட்டுக் கிடந்து கோழியின் தலையைத் தடவும் பழைய கட்டங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். உங்கள் மகள் படிக்கிற வயதுதான். எந்தப் பாப்பாய் வேண்டும் என்பதை அவளே சொல்லட்டும். சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.